சிங்கப்பூர் நீர்க்கரைகளைப் படமெடுக்கப் போகிறீர்களா? விசாவிலிருந்து விடியல் வரை ஒரு வழிகாட்டி

அப்பாவும் அம்மாவும் முதல்முறை சிங்கப்பூர் வந்தபோது மெர்லயன் சிலை முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். இரண்டு கறுத்த உருவங்கள், பின்னால் வெளுத்துப்போன ஒரு வெளிச்சத் திட்டு, அவ்வளவுதான் அதில் இருந்தது. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, 8 மணிக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தோம். வானம் முழுக்க இருண்டுவிட்டது. சரி, மறுநாள் உயரத்திலிருந்து பார்க்கலாம் என்று மூன்று பேருக்கும் சேர்த்து நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் கொடுத்து ஒரு பார்வைத் தளத்துக்கு ஏறினோம். உச்சி வெயில், புகைமூட்டம் போட்டது போல ஒரு வானம். அங்கும் ஒரு படம்கூடத் தேறவில்லை. போதாததற்கு, இலவசமாக நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு அப்பா ஊரிலேயே பணம் கட்டிவிட்டு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிப் போகிறேன். ஒரே இடத்துக்கு விடியலில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை என்று போய் நின்று கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் தண்ணீரோரக் காட்சிகள் பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கின்றன. நேரம் தவறினால்தான் பணமும் போகிறது, படமும் போகிறது.

இங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. முதலில் காகிதங்கள்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். இலங்கை, மலேசிய பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய சுற்றுலா என்றால் விசா தேவையில்லை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இதை டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

விசாவுக்குக் கேட்பவை: 14ஏ படிவம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், வெள்ளைப் பின்னணியில் மூன்று மாதத்துக்குள் எடுத்த 35×45 மில்லிமீட்டர் புகைப்படம். அதோடு விமான டிக்கெட், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் முகவர் கேட்பார். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி. நிராகரித்தாலும் திரும்ப வராது. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகத்தான் போடுவீர்கள் என்பதால் அவருடைய சேவைக் கட்டணமும் சேரும். அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான ரூபாய்.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவும், தந்தை பெயர் நம் பெயரோடு ஒட்டியும் இருக்கும். விசா, விமான டிக்கெட், வருகை அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். விசா கைக்கு வந்ததும் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

அடுத்தது வருகை அட்டை. சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்கு ஒரு காசும் கிடையாது. தேடுபொறியில் அடித்தால் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே வண்ணமும் சின்னமும் வைத்துக் கட்டணம் கேட்கும். என் அப்பா கட்டியது அப்படி ஒன்றில்தான். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளம் மட்டுமே சரி. முகவரி 'கவ்.எஸ்ஜி' என்று முடிய வேண்டும். ஆணையத்தின் மைஐசிஏ செயலியிலும் நிரப்பலாம்.

வருகை அட்டையில் கொடுக்கும் மின்னஞ்சலில் கவனம் வேண்டும். எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி, முத்திரையாகப் பாஸ்போர்ட்டில் விழுவதில்லை, மின்னஞ்சலுக்குத்தான் வரும். வயதானவர்களுக்கு நிரப்பித் தரும்போது அவர்கள் திறந்து பார்க்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள். இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள்.

2. மாதமும் மணியும்

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதித்து ஒரே நேரத்தில் மறையும். உதயம் காலை 6.45க்கும் 7.20க்கும் இடையில், மறைவு மாலை 6.50க்கும் 7.20க்கும் இடையில். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

இதில்தான் நம்மவர்கள் ஏமாறுவது. சூரியன் மறைந்த பிறகு வானம் ஊதா கலந்த நீலமாக மாறும், கட்டட விளக்குகளும் எரியும், இரண்டு வெளிச்சமும் சமமாக இருக்கும். அந்த நேரம் இங்கே இருபது நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. மறைவு 7.05 என்றால் 7.15 முதல் 7.30 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இடம் பார்த்து நிற்க வேண்டும். மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இரவு உணவைப் பின்னால் தள்ளுங்கள்.

மாதம் பற்றி: நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், டிசம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. சில நாள் விடாமல் பெய்யும். பிப்ரவரிதான் பொதுவாக மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும், ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேரும். என்னைக் கேட்டால், பிற்பகல் மழை பெய்து 5 மணிக்கு விட்ட நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன். காற்று கழுவிவிட்டது போல இருக்கும், நடைபாதையில் தேங்கிய தண்ணீரில் கட்டடங்கள் தலைகீழாக நிற்கும். மழையைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு முந்தைய வாரங்களில் சனிக்கிழமை அணிவகுப்பு ஒத்திகைகள் நடக்கும். அணிவகுப்பு மரினா பே பக்கம் நடக்கும் ஆண்டுகளில் அந்த விரிகுடாவைச் சுற்றிலும் சாலை மூடல், பெருங்கூட்டம். ஆனால் வாணவேடிக்கை படமெடுக்க வேண்டுமென்றால் அதுவே நல்ல நாள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் வரும். அப்போது வேலியும் பார்வையாளர் மேடையும் கரையோரத்தை மறைத்துவிடும். பந்தயத் தேதி பார்த்து, அதற்கு முன்பின் ஒரு வாரத்தை விட்டுவிடுங்கள்.

3. பயணத்துக்கு ஆளுக்கொரு அட்டை

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் தொட்டுச் செல்லும் வீசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளையே பயன்படுத்தலாம். வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். நாலைந்து நாள் தங்குபவர்கள் நிலையத்திலேயே பயண அட்டை வாங்கிப் பணம் போட்டுக்கொள்வது நல்லது. ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. கணவர் தட்டிவிட்டு மனைவிக்கும் அதே அட்டையை நீட்ட, கதவு திறக்காமல் பின்னால் வரிசை நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடித்துவிடும்.

ஒரு பக்கப் பயணம் ஒன்றரை, இரண்டு வெள்ளி, மிஞ்சினால் இரண்டரையைச் சுற்றி முடிந்துவிடும். டாக்சி பக்கம் போனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டர் டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஐம்பது சதவீதம் கூடுதல். விடியலைப் பிடிக்கப் போகிறவர்கள் 5.50க்கு ஏறாமல் 6.00க்கு ஏறினாலே நாலைந்து வெள்ளி மிச்சம்.

4. முதல் மாலை: மெர்லயனில் தொடங்கிக் கரையைச் சுற்றி

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியில் இறங்கி ஃபுல்லர்ட்டன் ஹோட்டலைத் தாண்டினால் மெர்லயன் பூங்கா. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அந்த 8.6 மீட்டர்ச் சிலை கிழக்கு நோக்கி நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. காலை 7.30 முதல் 9 வரை சூரியன் அதன் முகத்தில் நேராக விழும். வாயிலிருந்து விழும் தண்ணீர் துளித்துளியாகப் பளிச்சிடும், கூட்டமும் இருக்காது. மாலையில் முகம் நிழலுக்குப் போய்விடும்.

அப்படியானால் மாலையில் அங்கே எதற்கு? மெர்லயனுக்கு முதுகைக் காட்டி எதிர்க்கரையைப் பாருங்கள். மேற்கு வெயில் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்கள் மேல் நேராக அடிக்கும். 6.30 வாக்கில் அந்தக் கண்ணாடி மஞ்சளாகி, பிறகு செம்பு நிறமாகி, சூரியன் போனதும் சாம்பலாகும். ஆட்களைப் படமெடுக்கவும் இதுவே நேரம். வெயில் முகத்தில் விழும், பின்னால் கோபுரங்கள் தெரியும். சிலையையும் கோபுரங்களையும் ஒரே படத்தில் அடக்க, படித்துறையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மேடைக்குப் போங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் பக்கத்திலுள்ள ஜூபிலி பாலம். ஆனால் பாலத்தின் மேல் முக்காலி வைத்து நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள். ஆட்கள் நடக்க நடக்கப் பாலம் அதிரும், படம் நடுங்கிவிடும். முக்காலியைத் தரையில் ஊன்றுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு: நீல நேரத்தில் கைப்பிடிச் சுவர் மேல் பேசியைச் சாய்த்து வைத்து, மூன்று விநாடி டைமர் போடுங்கள். திரையில் வெளிச்சமான கட்டடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஜன்னல் விளக்குகள் வெளுத்துப்போகாமல் தனித்தனியாகத் தெரியும். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. என் அப்பாவின் பழைய பேசியிலேயே நன்றாக வந்தது.

7.35க்கு நீலம் முடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். கரையைச் சுற்றிய நடைபாதை மொத்தம் 3.5 கிலோமீட்டர், உங்களுக்கு அதில் பாதி போதும். எஸ்பிளனேட் கலை அரங்கின் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். இலவசம், பலருக்குத் தெரியாததால் கூட்டமும் குறைவு. பழைய மிதக்கும் மேடை இருந்த இடத்தில் என்எஸ் ஸ்குவேர் கட்டுமானம் நடக்கிறது. அந்தப் பகுதியில் மாற்றுவழிப் பலகையைப் பார்த்துப் போங்கள். பிறகு ஹீலிக்ஸ் பாலம். 280 மீட்டர் நீளம், நடுநடுவே தண்ணீர்ப் பக்கம் பிதுங்கி நிற்கும் பார்வை மாடங்கள் உண்டு.

சாண்ட்ஸ் முன்னாலுள்ள கரையில் ஒளியும் நீரும் சேர்ந்த ஸ்பெக்ட்ரா காட்சி ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 8, 9 மணிக்கு. வெள்ளி, சனியில் 10 மணிக்கும் ஒன்று. நீர்த்திரையில் விழும் உருவங்களைப் பார்க்க சாண்ட்ஸ் பக்கக் கரையிலேயே நிற்க வேண்டும். லேசர்க் கதிர்கள் வானத்தில் பாய்வதைப் படமெடுக்க மெர்லயன் பக்கம்தான் சரி. ஒரே இரவில் இரண்டையும் பிடிக்க ஓடாதீர்கள்.

அங்கிருந்து பின்பக்கம் கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை த பே). அங்குள்ள சூப்பர் மரங்கள் என்ற செயற்கை மரக் கோபுரங்களின் ஒளி ஒலிக் காட்சி 7.45க்கும் 8.45க்கும். 8 மணி ஸ்பெக்ட்ராவைப் பார்த்துவிட்டு 8.45க்குப் போய்ச் சேரலாம். தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் முறை, எல்லோரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். வெளித் தோட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மரங்களுக்கு நடுவே 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் நடைபாலத்துக்கும் குளிரூட்டிய கண்ணாடி மாளிகைகளுக்கும் மட்டும் கட்டணம்.

சாண்ட்ஸ் உச்சியிலுள்ள பார்வைத் தளத்துக்கு ஏறலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கு முப்பது வெள்ளிக்கு மேல். அங்கே ஏறிவிட்டால் இந்த ஊரின் அடையாளமான கட்டடமே உங்கள் படத்தில் இருக்காது, ஏனென்றால் நீங்கள் அதன் மேல் நிற்கிறீர்கள். வானத்தோடு சேர்வது போலத் தெரியும் அந்த நீச்சல் குளத்துக்கும் அந்தச் சீட்டில் போக முடியாது, அது ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மட்டும். உயரம் பிடித்தவர்கள் ஏறுங்கள், ஆனால் மறைவுக்கு ஒரு மணி நேரம் முந்தைய சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். நண்பகலில் ஏறாதீர்கள்.

5. இரண்டாம் மாலை: மரினா அணைக்கட்டு

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் நான் உங்களை இங்கேதான் கூட்டி வருவேன். கார்டன்ஸ் பை த பே எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் கால் மணி நேரம். 350 மீட்டர் அகலத்துக்கு ஒன்பது மதகுகளோடு கடலையும் நன்னீரையும் பிரித்து நிற்கிற அணை. ஒரு பக்கம் குடிநீர்த் தேக்கம், மறுபக்கம் கப்பல்கள் நங்கூரமிட்ட நீரிணை. என் அப்பா காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர். மதகுப் பாலத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். படமெடுக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

கட்டடத்தின் கூரை முழுக்கப் புல்வெளி, சுருளாக ஏறும் சரிவு. மேலே குடும்பங்கள் பாய் விரித்துப் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து மேற்கே சாண்ட்ஸ், ராட்டினம், கண்ணாடி மாளிகைகள் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். மே முதல் ஆகஸ்ட் வரை சூரியன் அந்த மூன்று கோபுரங்களின் பக்கமாகவே இறங்கும். டிசம்பரில் இடப்பக்கம் வெகுவாகத் தள்ளிப் போய்விடும். பட்டம் விடும் பிள்ளைகளை வெளிச்சத்துக்கு எதிராக, நிழலுருவமாக எடுங்கள். கூரை விளிம்பில் தாழ உட்கார்ந்தால் பட்டமும் கோபுரமும் ஒரே சட்டத்துக்குள் வரும்.

கூரையில் நிழல் கிடையாது. 5 மணிக்குப் போவதானால் குடை, தொப்பி, தண்ணீர் வேண்டும். இடி முழங்கினால் உடனே இறங்கிவிடுங்கள். திறந்த மேடு, இந்த ஊரில் மின்னல் அதிகம்.

இங்கே ஒரு படத்தை நான் இழந்தேன். ஹோட்டல் அறையில் 20 டிகிரியில் இரவெல்லாம் குளிர்ந்த கேமராவை டாக்சியின் குளிரிலேயே வைத்துக் கொண்டுவந்து கூரையில் மூடியைக் கழற்றினேன். கண்ணெதிரே லென்ஸ் பால் ஊற்றியது போல வெளுத்தது. துணியால் துடைத்தேன், துடைத்த கையோடு மறுபடி படிந்தது. லென்ஸ் முன்னாலுள்ள வடிகட்டியைக் கழற்றினால் உள்ளேயும் ஈரம். கால் மணி நேரம் காத்திருந்து தெளிந்தபோது வானம் இருண்டிருந்தது. சென்னையிலோ தஞ்சையிலோ வெயில் காலத்தில் இவ்வளவு படிவதில்லை, இங்கே காற்றிலுள்ள ஈரம் அப்படி. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து இறுக்க மூடி, குளிர் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமலே மெல்லச் சூடாகட்டும். படிந்துவிட்டால் துடைக்காமல் விடுங்கள், தானே போகும். கைபேசிக்கும் இதே கதைதான்.

6. விடியலுக்குச் சாங்கி, பகலுக்குப் புலாவ் உபின்

தீவின் கிழக்கு முனையில் சாங்கி கடற்கரைப் பூங்கா. எம்ஆர்டி கிடையாது. தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. தேக்கா பக்கம் தங்கியிருப்பவர்கள் முதல் ரயிலைப் பிடித்தாலும் உதயத்துக்குப் போய்ச் சேர்வது இழுபறிதான். இந்த ஒரு காலைக்கு மட்டும் டாக்சி எடுங்கள்.

தண்ணீர் இங்கே சென்னை மெரினா போல அலையடிக்காது. குளம் போல மெல்லத் தளும்பும், தூரத்தில் தீவுகளின் கோடு, தலைக்கு மேல் விமானம். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று என்பதால் இந்தக் கரைப் பக்கமாகத் தாழ இறங்குவதைப் பார்க்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை திசை மாறிவிடும், இந்தப் பக்கம் ஏறிப் போகிற விமானங்கள்தான் வரும். விமானம் படமெடுக்கவென்றே வருபவர்கள் இதைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்.

பிறகு சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் ஒரு தேநீரும் சாப்பிட்டுவிட்டு, எதிரிலேயே உள்ள படகுத்துறைக்குப் போங்கள். புலாவ் உபினுக்கு முன்பதிவும் கிடையாது, கால அட்டவணையும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு நான்கு வெள்ளி, படகோட்டியிடம் ரொக்கமாக. பத்து வெள்ளித் தாள்கள் சிலவற்றைக் கட்டாயம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் எல்லாவற்றுக்கும் அட்டையைத் தட்டிப் பழகிவிட்டு இங்கே கையைப் பிசைந்து நிற்பவர்கள் அதிகம். வார நாளில் பன்னிரண்டு பேர் சேர அரை மணி நேரம்கூட ஆகும். சனி, ஞாயிறில் உடனே நிறையும், ஆனால் திரும்பும்போது வரிசை நீளம்.

தீவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் பிரேக் இரண்டையும் அழுத்திப் பாருங்கள், செக் ஜாவா போகும் வழியில் இறக்கங்கள் உண்டு. செக் ஜாவா சதுப்புநிலம் காலை 8.30 முதல் மாலை 6 வரை. கடல்மேல் மரப்பாலம், அலையாத்திக் காட்டின் நடுவே பாலம், 21 மீட்டர்க் கோபுரம் எல்லாம் இலவசம். நட்சத்திர மீன், நண்டு, கடற்பஞ்சு தெரிய வேண்டுமென்றால் நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில் போக வேண்டும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையை முந்தின நாளே இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தின்போது போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், அந்தச் சத்தத்துக்கே வந்துவிடும். கடைசிப் படகுக்குக் காத்திராமல் 5 மணிக்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.

திரும்பி வந்தபின் தெம்பு இருந்தால் சாங்கி பாயிண்ட் கரையோர நடைபாதை, 2.2 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதியில் பாறைகளுக்கு நடுவே சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம். விடியலும் மறைவும் ஒரே நாளில், ஒரே முனையில்.

7. நேரம் மிஞ்சினால்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க் 15 கிலோமீட்டர் நீளம். அவ்வளவும் பார்க்க வேண்டாம், பிடோக் படகுத்துறை மட்டும் போதும். இரவில் தூண்டில்காரர்களும் கடலில் கப்பல் விளக்குகளும் நல்ல படங்கள்.

லாப்ரடோர் பூங்கா அதே பெயருள்ள எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம். செந்தோசா தீவுக்கு எதிரே, பாறையும் சிறு சிவப்புக் கலங்கரையும். அலையாத்தி வழியாகப் பெர்லாயர் ஓடையோர நடைபாதையில் போவது அழகு.

வடக்கே உட்லண்ட்ஸ் வாட்டர்ஃப்ரண்டிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாரு தெரியும். மேற்கே ஜூரோங் ஏரித் தோட்டத்தில் காலை 8 மணிக்குள் போனால் நாரைகளும் கொக்குகளும் மரப்பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் தொங்குபாலத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பாலம் வரை போய்த் திரும்பவே அரை நாள் நடை என்பதால் பெற்றோரை அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நீர்த்தேக்கக் கரையோடு போகும் மரப்பாதை போதும்.

8. டிரோன், படப்பிடிப்பு, அபராதம்

சொந்தத்துக்கு எடுக்கும் படத்துக்குப் பூங்காக்களில் அனுமதியும் கட்டணமும் தேவையில்லை. வணிகப் படப்பிடிப்புக்குத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும். அணைக்கட்டும் நீர்த்தேக்கங்களும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கீழ் வருகின்றன, அங்கே அவர்களிடம் கேட்க வேண்டும்.

திருமணப் படம் எடுக்க ஊரிலிருந்தே புகைப்படக்காரரை அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா விசாவில் வந்து கூலிக்கு வேலை செய்வது இங்கே சட்டப்படி குற்றம், வேலை அனுமதி வேண்டும். புகைப்படக்காரரும் மாட்டுவார், வரவழைத்தவருக்கும் சிக்கல். இங்கேயே இருப்பவரைப் பிடியுங்கள்.

டிரோனைப் பெட்டியில் வைக்கும் முன் யோசியுங்கள். 250 கிராமுக்கு மேல் என்றால் பறக்கவிடும் முன் பதிவு செய்ய வேண்டும். 200 அடிக்கு மேலோ, விமான நிலையம், விமானப் படைத் தளத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ, தடைசெய்த பகுதிகளிலோ அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. 250 கிராமுக்குக் குறைவான சின்ன டிரோனுக்கும் இந்த இடக் கட்டுப்பாடு பொருந்தும். இவ்வளவு சிறிய தீவில் இத்தனை விமானத் தளங்கள் இருக்க, மிஞ்சும் இடம் மிகக் குறைவு. நான்கு நாள் பயணத்துக்கு அதைச் சுமந்து வருவது வீண்.

அபராதங்கள் உண்மையிலேயே விதிக்கப்படுகின்றன. குப்பை போட்டால் முதல் தடவை 300 வெள்ளி. பொதுப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் 2022 ஜூலை முதல் புகைபிடிக்கக் கூடாது. குரங்குக்கும் பறவைக்கும் தீனி போட்டால் 5,000 வெள்ளி வரை போகலாம். வாழைப்பழம் நீட்டிக் குரங்கோடு படம் எடுத்துக்கொள்ளும் ஊர்ப் பழக்கத்தை இங்கே கட்டாயம் விட்டுவிடுங்கள். ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதும் கூடாது. நிலையத்துக்குள் போகும் முன் குடித்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம் என்பதால் காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தால் போதும்.

9. நான்கு நாள் கணக்கு

நீர்க்கரைகளுக்காக மட்டும், விமானமும் தங்குமிடமும் நீங்கலாக, ஒருவருக்கு ஒரு நாள் செலவு இப்படி வரும்: ரயிலும் பேருந்தும் ஆறு முதல் எட்டு வெள்ளி, உணவங்காடியில் மூன்று வேளைக்குப் பதினைந்து முதல் இருபது வெள்ளி. உபின் போகும் நாளில் படகுக்கு எட்டு, சைக்கிளுக்குக் கொஞ்சம், விடியல் டாக்சியைக் குடும்பமாகப் பகிர்ந்துகொண்டால் அதுவும் கைக்கடக்கமே.

வரிசையைப் பொறுத்தவரை முதல் நாள் மாலை மெர்லயன், மறுநாள் மாலை அணைக்கட்டு, மூன்றாம் நாள் சாங்கியும் உபினும் என்று வையுங்கள். நான்காம் நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். முதல் மூன்று நாளில் ஒரு மாலையாவது மழை எடுத்துக்கொள்ளும். அந்த மாலையை ஈடுகட்டத்தான் நான்காம் நாள். மழையே வராவிட்டால் காலை 7.30க்கு மெர்லயனுக்கு மறுபடி போங்கள், இந்தத் தடவை வெயில் அதன் முகத்தில் இருக்கும்.